ஹாரனா, ஏசியா?

மெத்தைக்காரரின் பிக்கப் வண்டியில் ஏசி ஒருநாள் திடீரென்று அனல் காற்றை ஊதத் தொடங்கியது. அதற்குக் காரணம் அவருடைய மனைவிதான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட மாதிரி கேட்கிறவர்களும் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிறந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி, பெற்ற பிள்ளைகளைப் படிக்க வெளியூர் அனுப்பி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. அவளுக்கு மூத்தவள் பெரியவள். நாலு தெரு தள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். சின்னவளுக்கு வாய்த்தவர் மெத்தைக்காரர்.

மெத்தைக் கடை என்றதும் ஏதோ சொகுசான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மெத்தைகள். நடுவில் ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய பாதை. வாசலோரம் சின்னவளின் தையல் மெஷின். மெத்தைக்கும் தலையணைக்கும் உறை தைப்பது அவள்தான். பின்னால் பஞ்சு அறை, அதை ஒட்டி ஒரு சந்து, சந்தில் வண்டி. மதியமானால் அந்தக் கூடம் அடுப்பாகிவிடும். பிளாஸ்டிக் உறைகள் சூடேறி, புது ஸ்பாஞ்சு வாடை மூக்கைத் துளைக்கும். மேலே ஒரே ஒரு மின்விசிறி. அது காற்றைத் தராது, இருக்கிற சூட்டைக் கலக்கி விடும், அவ்வளவுதான்.

மெத்தைக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டியக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவார். வண்டியில் என்ன பார்ப்பார்? கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைக் கடைசி வரை திருகி, சீட்டைச் சாய்த்து, தன் கண்ணிமைகளின் உட்பக்கத்தைப் பார்ப்பார். வெயில் தாழ்ந்த பிறகு, முகத்தில் சீட்டு உறையின் கோடுகளோடு, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று வந்து நிற்பார். கடை நிறைய மெத்தையை வைத்துக்கொண்டு வண்டி சீட்டில் போய்த் தூங்குகிற மனுஷனை என்ன செய்வது? சின்னவள் வாய்க்குள் முணுமுணுப்பதோடு விட்டிருந்தாள்.

அன்றைக்கு வந்த புதுத்தம்பதி மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பாள்.

இரண்டு பேருக்கும் உச்சியில் இருந்த இரட்டை மெத்தைதான் வேண்டுமாம். கீழே இருந்தவற்றைத் தட்டிக் காட்டினாள், உட்காரச் சொன்னாள், ம்ஹூம். அந்தப் பெண்ணின் கண் மேலேயே இருந்தது. ஒற்றை ஆளாக அதை இறக்க முடியாது. சின்னவள் சந்துக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெத்தைக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தட்டினாள். அசையவில்லை. வளையல் உடையும்படி தட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே கையை மட்டும் தூக்கி, போ போ என்று வீசினார். வாசலில் வந்து நிற்கிற யாரையோ விரட்டுவது போல.

திரும்பி வந்தபோது புதுத்தம்பதி போய்விட்டிருந்தார்கள்.

மெத்தை விற்காதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கை வீச்சுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மெஷினில் உட்கார்ந்து ஒரு உறையைத் தைத்தாள். கோணலாக வந்தது, பிரித்தாள். மறுபடி தைத்தாள். அதுவும் கோணல்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். முன்பொரு தடவை முகப்பு விளக்கு எரியவில்லை என்று மெக்கானிக் வந்தபோது அவள்தான் டார்ச் பிடித்தாள். பானெட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டப்பா, அதற்குள் குட்டிக் குட்டிப் பெட்டிகள், எது எதற்கு என்று மூடியின் உட்பக்கம் படம். எல்லாம் அப்போதே மனதில் பதிந்திருந்தது. பனிப்பூ மாதிரி ஒரு படம் போட்டிருந்த இடத்தில் இருந்த சிறு பெட்டியைப் பிடித்து ஆட்டி இழுத்தாள். அதற்கு ரிலே என்று பெயர். அது இல்லாவிட்டால் ஏசிக்குக் கரண்ட் போகாது. காற்று வரும், குளிர் வராது. தீப்பெட்டியை விடச் சின்னது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மெஷின் பக்கத்தில் இருந்த நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அன்று மதியம் துண்டோடு கிளம்பிய மெத்தைக்காரர் போன சூட்டிலேயே திரும்பி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஏசி வேலை செய்யல. இட்லிப் பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு."

"அச்சச்சோ" என்றாள் சின்னவள், ஊசியில் நூல் கோத்தபடி. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

"சரி, இப்படி உக்காருங்க. கடைக்கு யாராவது வருவாங்க."

அவளுடைய திட்டம் அத்தோடு பலித்துவிட்டது. மனுஷன் கடையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

இத்தனை காலமும் மதிய நேரத்தில் அவர் கடையில் இருந்ததில்லை என்பதால், அவர் இருந்தால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில், மெஷின் வெளிச்சத்தை மறைக்கிறது என்று நகர்த்தச் சொன்னார். பிறகு, தலையணைகளை நிறவாரியாக அடுக்கினால் என்ன என்றார். அடுக்கினாள். அளவுவாரியாக அடுக்குவதுதான் முறை என்று அப்புறம் தோன்றியது அவருக்கு. குழந்தைக்குச் சின்ன மெத்தை கேட்டு ஒரு அம்மாள் வந்தாள். பஞ்சு எப்படி விளைகிறது என்பதிலிருந்து அவர் ஆரம்பித்தார். ஸ்பாஞ்சுக்கு வருவதற்குள் அந்த அம்மாள், "பிள்ளை அழுவான்" என்று நழுவிவிட்டாள். பிள்ளையை அவள் கூட்டி வரவே இல்லை.

"பாத்தியா, இந்தக் காலத்துல யாருக்கும் பொறுமை கிடையாது" என்றார் மெத்தைக்காரர்.

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மதியங்களில் தான் ஒரு ராணி மாதிரி இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டியதைத் தைத்து, வந்தவர்களிடம் நாலே வார்த்தை பேசி விற்று, நடுவில் கால் நீட்டி டீ குடித்து. எல்லாவற்றையும் தானே கெடுத்துக்கொண்டாள். எடுத்த ரிலேயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

ஆனால் அதற்குள் கண்ணாடிக்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

பெரியவளின் வீட்டுக்காரருக்கு ஊரில் எது பழுதானாலும் பொறுக்காது. கடையில் அவர் தொடுவதெல்லாம் எறும்பளவு திருகாணிகள். அதனாலோ என்னவோ, பெரிய திருகாணியைக் கண்டால் கை துறுதுறுக்கும். ஒரு பை நிறைய ஸ்பேனர்களோடு வந்து இறங்கினார்.

"சகல, கவலைய விடுங்க. ஏசின்னா என்ன? காத்து. காத்து எங்கயோ அடைச்சிருக்கு."

"கேஸ் தீர்ந்திருக்குமோன்னு பாத்தேன் சகல."

"கேஸ் அப்புறம். மொதல்ல டேஷ்போர்டு."

அதன் பிறகு வண்டியின் பானெட் மூடவே இல்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே இரண்டு தலைகள் குனிந்திருக்கும், இரண்டு முதுகுகள் வெயிலில் வேகும். டேஷ்போர்டின் பாதி கழன்று பஞ்சு அறையில் பாய்மேல் படுத்திருந்தது. எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்று இரண்டு சகலைகளுக்கும் வாக்குவாதம் நடக்கும். சின்னவள் முந்தானையில் ரிலேயோடு டீ கொண்டுபோவாள், காலி டம்ளரோடு திரும்புவாள். கையை உள்ளே விட ஒரு இடுக்கு கிடைக்க வேண்டுமே!

ஒருதரம் கண்ணாடிக்காரர் அந்தக் கறுப்பு டப்பாவையே திறந்துவிட்டார். டீ கொண்டுவந்த சின்னவள் முந்தானை முடிச்சைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லையே சகல?" என்றார் மெத்தைக்காரர்.

"இருக்காது. கம்பெனிக்காரன் பின்னாடி ஏதாவது தேவைப்படும்னு காலியா விட்டு வைப்பான்" என்று சொல்லி மூடினார் கண்ணாடிக்காரர்.

சின்னவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மெத்தைகளுக்கு நடுவே நின்று, கண்ணில் நீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தாள்.

ஆனாலும் அவர்கள் உழைப்பு முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் இருந்த கண்டென்சரை, அதாவது வெளிக்காற்றில் சூட்டை ஆற்றுகிற அந்தத் தகட்டை, எட்டிப் பார்த்தபோது அது தகடாகவே தெரியவில்லை. தலையணையாகத் தெரிந்தது. சந்தில் பறந்த பஞ்சையெல்லாம் வண்டி காலகாலமாக உறிஞ்சி அப்பி வைத்திருந்தது. உள்ளே காற்றை வடிகட்டுகிற ஃபில்டரிலும் அதே கதை. இரண்டு பேரும் பிரஷ்ஷும் தண்ணீருமாக உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு சுத்தம் செய்தார்கள். எடுத்த பஞ்சில் ஒரு குட்டித் தலையணையே அடைக்கலாம் போலிருந்தது.

"இனி பாருங்க, பல்லு தந்தியடிக்கும்" என்று கண்ணாடிக்காரர், கழற்றியதையெல்லாம் மாட்டிவிட்டு, ஏசியைத் திருகினார். அனல் முகத்தில் அடித்தது. முன்பு மெதுவாக வந்த அனல் இப்போது ஃபில்டர் சுத்தமான தெம்பில் வேகமாக வந்தது.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பீப்பாய் உடம்பு, ஓயாத வாய். மீட்டரை மாட்டிப் பார்த்தான். "கேஸ் கும்முன்னு இருக்குண்ணே." காதைச் சாய்த்துக் கேட்டான். "ஏசியப் போட்டா 'டக்'குனு ஒரு சத்தம் வரணும். வரலயே." கறுப்பு டப்பாவைத் திறந்தான். மூடியின் படத்தைப் பார்த்தான். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தான்.

"அண்ணே, இங்க இருந்த ரிலே எங்க?"

மெத்தைக்காரர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் காலியா விட்டிருக்கான்னு சொன்னீங்களே சகல?"

"அப்ப அப்படித் தெரிஞ்சுது."

"இந்த டப்பாவத் தொறந்தது நீங்கதான்."

"தொறந்தேன். மூடினேன். தொறந்து பாத்தவன் எல்லாம் திருடனா?"

"திருடன்னு நான் சொன்னேனா?"

"வாயால சொல்லல. பார்வையால சொன்னீங்க. கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவன்யா நான். பார்வையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் விழுந்தன, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு. சின்னவள் ஓடி வந்து, "மாமா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "உங்க வீட்டுத் தண்ணி இனி எனக்கு வேண்டாம்மா" என்று அவர் தெருவில் இறங்கி நடந்தார். வேடிக்கை திடீரென்று வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது.

மெக்கானிக்குக்குக் குடும்பச் சண்டையில் அக்கறை இல்லை. "இந்த மாடலுக்கு ரிலே கடையில இப்ப இல்லண்ணே, சொல்லி வச்சுத்தான் வாங்கணும். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. ஹாரனோட ரிலேயும் இதே சைஸ்தான். அதப் பிடுங்கி இதுல போட்டா ஏசி வரும். ஆனா ஹாரன் அடிக்காது. எது வேணும்? ஹாரனா, ஏசியா?"

மெத்தைக்காரர் கண் சிமிட்டக்கூட இல்லை. "ஏசி."

'டக்' என்று சத்தம் கேட்டது. தகட்டில் பஞ்சு இல்லாததால் இதுவரை இல்லாத குளிர் வந்தது. மெத்தைக்காரர் முகத்தை அந்தக் காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டு, சகலையோடு சண்டை போட்டதையே மறந்தார்.

ஹாரன் இல்லாத வண்டியை யாருமில்லாத ரோட்டில் ஓட்டலாம். மறுநாள் மாணவர் விடுதி ஒன்றுக்கு மெத்தைகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழியோ கடைத்தெரு வழி. மெத்தைகளை அடுக்கிக் கயிறு கட்டி முடித்ததும் மெத்தைக்காரர், "நீயும் ஏறு" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"ஹாரன் யாரு அடிக்கிறது?"

அப்படித்தான் சின்னவள் ஹாரன் ஆனாள். பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஓரம்! ஓரமா போங்க! அண்ணே, வண்டி வருதுண்ணே!" என்று கத்திக்கொண்டே போக வேண்டும். வெயில் அவள் தலையில் இறங்கியது. ஏசியின் குளிரெல்லாம் இந்தப் பக்கம் ஓட்டுகிறவரின் மடியில் இறங்கியது. வெங்காயத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அசைவதாக இல்லை. "யாரும்மா அது, காலங்காத்தால பேர் சொல்லாம கூப்பிடறது?" என்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டு சக்கர வண்டியில் வந்த ஒரு பெண் ஒட்டி நின்று, "ஏன், வண்டியில ஹாரன் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கே" என்றார் மெத்தைக்காரர். "பக்கத்துலதான் உக்காந்திருக்கு."

சின்னவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வைக்கு ஒரு கண்ணாடிக்காரர் தேவையில்லை, யாருக்கும் அர்த்தம் புரிந்திருக்கும். ஆனால் என்ன சொல்ல முடியும்? கத்துவதற்குக் காரணமான பொருள் அவளுடைய நூல்கண்டுகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருக்கிறது. தன் வினையை எண்ணி அடுத்த முச்சந்திக்கு இன்னும் பலமாகக் கத்தினாள்.

திரும்பும்போது அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது. தெரு காலியாக இருந்ததால் மெத்தைக்காரர் அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். காற்று வருகிற இரண்டு துவாரங்களையும் அவள் பக்கம் திருப்பிவிட்டார். துண்டை எடுத்து நீட்டினார்.

"தொடச்சிக்கோ. முகமெல்லாம் செவந்து போச்சு." கியரை மாற்றினார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னைக்கு வண்டியில படுத்திருக்கும்போது ஒரு ஈ. கண்ணாடியில முட்டி முட்டி என்னா சத்தம். கனவா நெசமான்னே தெரியல. கைய வீசி விரட்டினேன். அதுக்கு மறுநாளே ஏசி போயிடுச்சு. அந்த ஈ சாபம் விட்டுருக்கும்னு நினைக்கிறேன்."

சின்னவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவளை விரட்டவில்லை, ஈயை விரட்டியிருக்கிறார். இதற்குப் போயா இவ்வளவும்! ஆத்திரத்துக்குப் பதில் என்னவோ ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று அவர் பயந்துபோய்ப் பார்த்தார். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே பெரியவள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொன்னாராமே? ஒரு தம்மாத்துண்டு பெட்டிக்காகவா?"

சின்னவளுக்குக் குரல் எழும்பவில்லை. அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப்போய், காதோடு காதாக எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியவளின் முகம் முதலில் இறுகியது, அப்புறம் கோணியது. அப்படியே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பில்.

"நீ ஒரு விஷமம்டி! அம்மா இருந்தா உன் காதத் திருகியிருப்பாங்க."

"அக்கா, மாமாகிட்ட சொல்லிடாத."

"சொன்னா என் வீடு தாங்காது. அங்க பாரு." மேடையில் மிக்சி உடல் வேறு உயிர் வேறாகக் கிடந்தது. "கோவத்துல கழட்டிட்டாரு. உங்க வண்டி கையவிட்டுப் போச்சா, இப்ப எங்க வீட்டு சாமான் மேல பாயறாரு. காலையிலேருந்து வாஷிங் மெஷின சுத்திச் சுத்தி வராரு. நாளைக்கே ரெண்டு பேரையும் சேத்து வைக்கிறோம். நான் அவர இழுத்துட்டு வரேன், பேசிப் பிடிச்சு வைக்கிறேன். நீ அதுக்குள்ள அந்தச் சனியன டப்பாவுல காலியா இருக்கற இடத்துல வச்சிடு."

மறுநாள் மதியம் தலையணை வாங்க என்ற சாக்கில் பெரியவள் வந்து இறங்கினாள். பின்னால், செருப்புச் சத்தத்திலேயே கோபம் தெரிய, கண்ணாடிக்காரர். சகலைகள் இரண்டு பேரும் எதிரெதிர் மெத்தை அடுக்குகளில் உட்கார்ந்து, ஒருவர் தலைக்கு மேலே ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பாதையில் பெரியவள் காவல்காரி மாதிரி நின்று, ஒவ்வொரு தலையணையாக அமுக்கிப் பார்த்து இரண்டு பேரிடமும் அபிப்பிராயம் கேட்டாள்.

சின்னவள் நழுவினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிடியை இழுத்து, பானெட்டைத் தூக்கி, கறுப்பு டப்பாவைத் திறந்தாள். முந்தானையிலிருந்து ரிலேயை எடுத்தால், அதன் கால்களில் நூல்கண்டு டப்பாவின் சிவப்பு நூல் சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தது. நகத்தால் பிரித்தாள், வரவில்லை. பல்லால் கடித்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

மெக்கானிக்! தன் பைக்கை இன்ஜின் அணைத்துச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கையில் புது ரிலே.

சின்னவள் வாயில் பழைய ரிலேயோடு நின்றாள். பிறகு அதை எடுத்து, கரகரத்த குரலில், "பாத்தா தெரியல? வண்டி பாக்கறேன்" என்றாள்.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூலைப் பிடித்து மெல்ல இழுத்தான், அது நீண்டுகொண்டே வந்தது. "கீழ விழுந்த ரிலே எத்தனையோ பாத்திருக்கேங்க்கா. கிரீஸ் இருக்கும், மண்ணு இருக்கும். சிவப்பு நூல் கட்டிக்கிட்டு இவ்வளவு சுத்தமா ஒண்ணு இருந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்."

உள்ளே பெரியவள், "இது கொஞ்சம் கெட்டியா இருக்கோ?" என்று நாலாம் தடவையாகக் கேட்பது கேட்டது. மெக்கானிக் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"எனக்கு ரொம்ப நாளா கழுத்து வலிங்க்கா. ராத்திரியில தலைய எந்தப் பக்கமும் திருப்ப முடியல."

சின்னவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஞ்சா, ஸ்பாஞ்சா?"

"பஞ்சுதான் கழுத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"ரெண்டா எடுத்துக்கோ. உன் வீட்டுக்காரிக்கும் கழுத்து இருக்கும்ல."

"நீங்க உள்ள போய் சும்மா உக்காருங்கக்கா" என்றான் மெக்கானிக், முகமெல்லாம் பல்லாக.

சிறிது நேரத்தில் சந்திலிருந்து அவன் குரல் கேட்டது. "அண்ணே! ரெண்டு பேரும் இங்க வாங்க! கெடைச்சிடுச்சு!" சகலைகள் ஓடினார்கள். மெக்கானிக் கிரீஸ் தடவிய ரிலே ஒன்றைத் தூக்கிக் காட்டினான். கிரீஸ் இப்போதுதான் தடவியது என்பது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது. "பேட்டரிக்கு அடியில ஒரு சந்து இருக்குண்ணே. குழியில எறங்கி ஏறினதுல குலுங்கி விழுந்திருக்கு. அன்னைக்கு என் கண்ணுலயும் படல. யார் மேலயும் தப்பில்ல."

இரண்டு பேரும் அந்தப் பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன் சகல, நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு" என்றார் மெத்தைக்காரர்.

"எங்க சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

"நானும் மனசுக்குள்ள உங்கள மன்னிச்சிட்டேன்."

"ஒண்ணு சொல்லணும்ண்ணே" என்று மெக்கானிக் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினான். "அந்தப் பஞ்ச நீங்க ரெண்டு பேரும் எடுக்கலன்னா ரிலே இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஏசி செத்துருக்கும்."

அவ்வளவுதான். இரண்டு மார்புகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஹாரன் ரிலே ஹாரனுக்குத் திரும்பியது. மெத்தைக்காரர் சோதித்துப் பார்ப்பதாக அதை ஓங்கி அழுத்த, சின்னவள் துள்ளி விழுந்தாள். கண்ணாடிக்காரர் உள்ளே வந்து, கேட்காமலேயே டீ வாங்கிக் குடித்தார். இரண்டு தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெக்கானிக் போவதைப் பார்த்து, "இவன் எதுக்குத் தலையணை தூக்கிட்டுப் போறான்?" என்றார் மெத்தைக்காரர்.

"கழுத்து வலியாம்" என்றாள் சின்னவள். குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அது நல்லதாகப் போயிற்று, அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதிலிருந்து மதியங்களுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. மெத்தைக்காரர் துண்டோடு கிளம்பும்போது சின்னவளே, "போய் வண்டியப் பாருங்க" என்று அனுப்பிவைப்பாள். ஒரே நிபந்தனை: கண்ணாடியை விரற்கடை இறக்கி வைக்க வேண்டும். மேலிருந்து மெத்தை இறக்க ஆள் வேண்டுமென்றால் அந்த இடுக்கு வழியாக மர அளவுகோலை விட்டு விலாவில் ஒரு குத்து. ஈ அப்படிக் குத்தாது என்பதால் அவரும் எழுந்து வந்துவிடுவார். வண்டி மறுபடி கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளக் கண்ணாடிக்காரரும் மதியம்தோறும் வர ஆரம்பித்தார். பெரியவளுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மிக்சி பிழைத்தது. அவளும் கூடவே வந்து தங்கையோடு உட்கார்ந்து உறைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்தாள், ஊர்வம்பு பேசினாள்.

அப்படி ஒரு மதியம் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். படுத்தால் தூக்கமே வருவதில்லையாம். எத்தனையோ மெத்தை மாற்றிப் பார்த்துவிட்டாராம். சின்னவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். டீச்சர் உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் பஞ்சு அறைப்பக்கம் நடந்தவர், சந்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வண்டிக்குள் சாய்ந்த இரண்டு சீட்டுகளில் இரண்டு சகலைகளும் தலைக்கு மேல் கையை வீசிப்போட்டு, வாயைப் பிளந்து, பிறந்த குழந்தைகள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி மேல்உதட்டில் உட்கார்ந்திருந்தது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணில் பொறாமை நீராகத் தளும்பியது.

"எனக்கு இந்தத் தூக்கம் வேணும்மா" என்றார். "அந்த சீட்டுக்குள்ள என்ன பஞ்சு வச்சிருக்கீங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். சின்னவள் அவள் காலை மிதித்தாள்.

"அது எங்க வீட்டுக்குன்னு தனியாப் போட்டதுங்க டீச்சர், வெளிய குடுக்கறதில்ல" என்றாள், கழுத்தில் கிடந்த டேப்பை உருவியபடி. "உங்களுக்குன்னா போட்டுத் தரேன். கட்டில் எவ்வளவு அகலம்?"